உலகம் எங்கள் முற்றத்தில்: பேத்திக்கு வந்த ஆமிக் கடிதம்



கடந்த மாதம் எங்கள் தையல் நிலையத்தில் மாதாந்தக் கூட்டம் முடிந்து எல்லோரும் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். ஓர் அம்மா மட்டும் கோப்பையைத் தொடாமல் ஓரமாக இருந்தார். வழமையாக முதல் ஆளாகச் சிரித்துப் பேசுபவர் அவர். "என்னம்மா, சுகமில்லையோ?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, நோர்வேயில இருக்கிற என்ரை பேத்திக்கு ஆமியில இருந்து கடிதம் வந்திருக்காம். மகள் ரெலிபோனில சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லுறாள். எனக்கு ரெண்டு நாளா நித்திரை இல்லை. பொம்பிளைப் பிள்ளை. இப்பதான் பதினேழு வயது. அங்கையும் பிடிக்கினமோ?"

"பிடிக்கினமோ" என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் அங்கிருந்தவர்கள் அனைவரும் பேச்சை நிறுத்திவிட்டனர். அந்தச் சொல்லுக்கு எங்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளையைப் பதுங்கு குழிக்குள் ஒளித்து வைத்தவர்கள், பள்ளிக்கூடம் போன பிள்ளை திரும்பி வரும்வரை படலையில் காத்து நின்றவர்கள், வயது வருமுன்னரே அவசர அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தவர்கள் என்று எல்லோரும் அந்த அறைக்குள்ளேயே இருந்தார்கள். அந்த அம்மாவின் இளைய மகனும் 2008ஆம் ஆண்டு அப்படிக் கொண்டு போகப்பட்டவர்தான். திரும்பி வரவில்லை. இன்று வரை மகனின் படத்துக்கு மாலை போட அந்த அம்மா சம்மதிக்கவில்லை.

அன்று அவருக்கு நான் சொன்னவற்றையும், அவர் கேட்ட கேள்விகளுக்காகப் பின்னர் தேடி வாசித்தவற்றையும் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன். எங்கள் உறவுகள் இன்று பல நாடுகளில் பரந்து வாழ்கின்றார்கள். நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் டென்மார்க்கிலும் பிறந்த எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு இத்தகைய கடிதங்கள் வருகின்றன. அதனால் இது தூரத்து விடயம் அல்ல.

நோர்வேயில் நடப்பது என்ன?

நோர்வே சுமார் 55 இலட்சம் மக்கள் வாழும் சிறிய நாடு. வடக்கே ரஷ்யாவுடன் எல்லை உண்டு. இரண்டாம் உலகப் போரில் 1940 முதல் 1945 வரை ஐந்து ஆண்டுகள் ஜேர்மனியின் பிடியில் கிடந்த நாடு அது. நாட்டைக் காப்பது குடிமக்களின் கடமை என்பது 1814ஆம் ஆண்டின் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டுள்ளது. நீண்ட காலமாக ஆண்களுக்கு மட்டுமே கட்டாய இராணுவ சேவை இருந்தது. 2013இல் நோர்வே நாடாளுமன்றம் பெண்களுக்கும் அதை விரிவுபடுத்துவதென முடிவெடுத்தது. 2015 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1997ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் பிறந்த பெண்கள் அனைவரும் இச்சட்டத்துக்குள் வருகின்றார்கள். ஐரோப்பாவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதமான சேவையை முதலில் கொண்டுவந்த நாடு நோர்வேதான்.

பேத்திக்கு வந்த கடிதம் "வா" என்று அழைக்கும் கடிதம் அல்ல. பதினேழு வயதாகும் ஒவ்வொரு பிரசையும் தன்னைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் அளிக்க வேண்டும். உடல்நலம் எப்படி, என்ன படிக்கிறாய், சேவையில் ஆர்வம் உண்டா என்பன போன்ற கேள்விகள் அவை. அந்தப் பதில்களைப் பார்த்து ஒரு பகுதியினரை நேரில் அழைத்து மருத்துவப் பரிசோதனையும் உடற்தகுதிப் பரீட்சையும் நடத்துவார்கள். ஓர் ஆண்டில் அந்த வயதை அடைபவர்கள் அண்ணளவாக 60,000 பேர். அவர்களில் சேவைக்கு எடுக்கப்படுபவர்கள் ஆறில் ஒருவர் அளவே. எடுக்கப்படுபவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். சேவை பொதுவாகப் பன்னிரண்டு மாதங்கள். விருப்பமுள்ளவர்களே போதுமான அளவு கிடைப்பதால், மனம் இல்லாதவர்களை இழுத்துச் செல்லும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. ஆனால் சட்டப்படி அது கட்டாயமே. கேள்விக் கொத்துக்குப் பதில் அனுப்பாமல் விடுவது குற்றமாகும்.

"பொம்பிளைப் பிள்ளையளை ஏன்?" என்பதுதான் அந்த அம்மாவின் அடுத்த கேள்வி. ஆள் போதாமல் அல்ல. "உரிமை சமம் என்றால் கடமையும் சமமாக இருக்க வேண்டும்" என்பதே முன்வைக்கப்பட்ட வாதம். அந்நாட்டுப் பெண்கள் அமைப்புகளே இதில் இரண்டுபட்டு நின்றன. சமத்துவத்தின் ஒரு படி என்றனர் சிலர். ஆண்கள் சுமக்கும் பாரத்தைப் பெண்களின் தலையிலும் ஏற்றுவதா சமத்துவம் என்று கேட்டனர் வேறு சிலர். ஆயுதம் ஏந்திய பெண்களையும், அவர்களைப் பறிகொடுத்த தாய்மாரையும் கண்ட எங்களுக்கும் இது யோசிக்க வேண்டிய கேள்விதான்.

எங்கே தொடங்கியது?

முற்காலத்தில் அரசர்கள் கூலிக்குப் படை பிடித்தார்கள். நாட்டில் பிறந்த எல்லா இளைஞரும் படைக்குரியவர் என்ற எண்ணம் பெரிய அளவில் பிரான்சில்தான் செயலுக்கு வந்தது. 1793 ஓகஸ்டில், புரட்சி நடந்த நாட்டை நாலா பக்கமும் அயல் மன்னர்கள் தாக்கிய வேளையில், மக்கள் அனைவரையும் போருக்கு அழைக்கும் ஆணை பிறந்தது. இளைஞர் சண்டைக்கு, மணமானவர் ஆயுதம் செய்ய, பெண்கள் கூடாரமும் உடையும் தைக்கவும் மருத்துவமனைகளில் பணி செய்யவும் என்று அந்த ஆணை வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தது. பின்னர் நெப்போலியனின் படைகளிடம் தோற்ற பிரஷ்யாவும் அதே வழியைப் பின்பற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பாவின் பெரும்பகுதி அவ்வழியில் போய்விட்டது.

பிரித்தானியா நீண்ட காலம் விலகியே நின்றது. முதலாம் உலகப் போரில் தொண்டர்கள் போதாமல் போகவே 1916இல் கட்டாய சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில், 1941 டிசெம்பரில், 20 முதல் 30 வயது வரையான மணமாகாத பெண்களையும் துணைச் சேவைகளுக்கு அழைக்கச் சட்டம் இயற்றியது. போர் முடிந்த பின்னரும் ஆண்களுக்குத் தொடர்ந்த அந்த முறைக்கு 1960இல்தான் கடைசி அழைப்பு விடப்பட்டது.

ஏன் கட்டாயப்படுத்துகின்றார்கள்?

ஒவ்வொரு நாடும் தன் நிலைமையை வைத்துக் காரணம் சொல்கின்றது.

முதற் காரணம் பயம். பின்லாந்திலும் நோர்வேயைப் போலவே சுமார் 55 இலட்சம் மக்கள்தான். ரஷ்யாவுடன் 1,300 கிலோமீற்றருக்கும் அதிகமான எல்லை. 1939இல் சோவியத் படைகள் அந்த எல்லையைக் கடந்து வந்ததை அந்த மக்கள் மறக்கவில்லை. அவ்வளவு நீண்ட எல்லையைக் காக்கச் சம்பளத்துக்கு ஆள் பிடிப்பது சிறிய நாட்டால் முடியாத காரியம். ஆகவே ஆண்கள் எல்லோரையும் சில மாதங்கள் பயிற்றி வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றார்கள். ஆபத்து வந்தால் அழைப்பார்கள். பெண்கள் விரும்பினால் சேரலாம்.

இரண்டாவது, முடியாத போர். கொரியப் போர் 1953இல் போர் நிறுத்தத்துடன் நின்றது. சமாதான உடன்படிக்கை இன்று வரை எழுதப்படவில்லை. ஆகவே தென் கொரியாவில் உடல்தகுதி உள்ள ஒவ்வோர் ஆணும் தரைப்படை என்றால் 18 மாதங்கள் சேவை செய்ய வேண்டும். உங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்து ரசிக்கும் பிரபல பீரிஎஸ் பாடகர் குழுவினர்கூட அதிலிருந்து தப்பவில்லை. 2022 டிசெம்பரில் அவர்களில் மூத்தவர் தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு முகாமுக்குச் சென்றார். 2025 ஜூனில்தான் குழுவினர் அனைவரும் சேவையை முடித்தனர். ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு.

மூன்றாவது, பல இனத்தவரை ஒரே நாட்டவராக்கும் எண்ணம். 1965இல் தனிநாடான சிங்கப்பூர், 1967இல் தேசிய சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சீனர், மலாயர், தமிழர் ஆகியோரின் ஆண் பிள்ளைகள் ஒரே முகாமில் இரண்டு ஆண்டுகள் இருந்து பழகுகின்றார்கள். படையில் மட்டுமன்றிப் பொலிஸ் சேவையிலும் தீயணைப்பு உள்ளிட்ட சிவில் பாதுகாப்பிலும் சேர்க்கப்படுகின்றார்கள். வேலைக்குப் போய்க் குடும்பஸ்தரான பின்னரும் குறிப்பிட்ட வயது வரை ஆண்டுதோறும் மீள்பயிற்சிக்கு அழைக்கப்படுவார்கள்.

நான்காவது, படை என்பது மக்களிடமிருந்து பிரிந்த ஒரு கூட்டமாக இருக்கக் கூடாது என்ற கொள்கை. சுவிற்சர்லாந்தில் சாதாரண மனிதர்களே குறிப்பிட்ட காலம் படைவீரராக இருந்துவிட்டு வேலைக்குத் திரும்புகின்றார்கள். 2013இல் கட்டாய சேவையை நீக்குவதா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது, நூற்றுக்கு 73 பேர் நீக்க வேண்டாம் என்றனர். ஆயுதம் தொட மனமில்லாத ஆண்களுக்கு 1996 முதல் முதியோர் இல்லம், வைத்தியசாலை, காடு வளர்ப்பு போன்ற சிவில் சேவை உண்டு. ஆனால் காலம் ஒன்றரை மடங்கு. பெண்களையும் ஏதாவதொரு சேவைக்குக் கட்டாயமாக்கும் யோசனையை 2025 நவம்பரில் மக்கள் பெரும்பான்மையாக நிராகரித்துவிட்டார்கள்.

ஐந்தாவது காரணத்தை மேடையில் எவரும் சொல்வதில்லை. கட்டாயத்தில் வருபவருக்குக் கொடுக்கும் சம்பளம் குறைவு. போர் என்று வந்தால் ஆள் தட்டுப்பாடு இல்லை. கீழ்ப்படியும் பழக்கமும் இளம் வயதிலேயே ஏற்பட்டுவிடும். சில அரசாங்கங்களுக்கு இதுவே முதற் காரணம் எனலாம்.

சுமை யார் தலையில்?

"எல்லோருக்கும் சமம்" என்று எழுதப்பட்ட சட்டம் எல்லா வீட்டுப் படலையையும் ஒரே மாதிரித் தட்டுவதில்லை.

தாய்லாந்தில் ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் 21 வயதாகும் இளைஞர்களை அழைத்து வரிசையில் இருத்துவார்கள். அந்த இடத்துக்குத் தேவையான எண்ணிக்கையில் தொண்டர்கள் முன்வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. வராவிட்டால் சீட்டெடுப்பு நடக்கும். ஒரு பெட்டிக்குள் கையை விட்டுச் சீட்டை எடுக்க வேண்டும். கறுப்பு வந்தால் வீட்டுக்குப் போகலாம். சிவப்பு வந்தால் படைக்குப் போக வேண்டும். வெளியே நிற்கும் தாய்மாரும் மனைவிமாரும் நேர்த்தி வைத்துக்கொண்டு நிற்பார்கள். கறுப்பு வந்தவன் துள்ளிக் குதிப்பதையும், சிவப்பு வந்தவன் மயங்கி விழுவதையும் ஆண்டுதோறும் தொலைக்காட்சியில் காட்டுகின்றார்கள். ஆனால் உயர்தரப் பாடசாலையில் மூன்று ஆண்டுகள் மாணவர் படைப் பயிற்சியை முடித்தவர்களுக்கு அந்தப் பெட்டிக்குள் கைவிடும் நிலை வராது. படிப்பை இடையில் விட்ட ஏழைப் பிள்ளைக்குத்தான் அந்தப் பெட்டி.

துருக்கியில் 2019ஆம் ஆண்டின் சட்டப்படி, குறிப்பிட்ட தொகையைக் கட்டுபவர் ஆறு மாத சேவைக்குப் பதிலாக ஒரு மாதப் பயிற்சியுடன் வீடு திரும்பலாம். காசு உள்ளவனுக்கு ஒரு கணக்கு, இல்லாதவனுக்கு இன்னொரு கணக்கு.

இஸ்ரேலில் 1949 முதல் ஆண்களும் பெண்களும் சேவை செய்கின்றார்கள். பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். ஆண்களுக்கு அதைவிட அதிகம். மணமான பெண்களுக்கும் தாய்மாருக்கும் விலக்கு உண்டு. அந்நாட்டு அரபு மக்களில் பெரும்பான்மையோர் அழைக்கப்படுவதில்லை. மதக் கல்விக்கூடங்களில் படிக்கும் தீவிர யூத ஆண்களுக்குப் பல்லாண்டுகளாக விலக்கு வழங்கப்பட்டு வந்தது. என் பிள்ளை களத்தில் நிற்க அவன் பிள்ளை மட்டும் வீட்டிலா என்ற கேள்வி பெருங் கொந்தளிப்பாகி, 2024 ஜூனில் அவர்களையும் அழைக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தகராறு அத்துடன் ஓய்ந்துவிடவில்லை.

எகிப்தில் பெற்றோருக்கு ஒரே மகன் என்றால் அவனை அழைப்பதில்லை. ஒரு வீட்டு விளக்கை முற்றாக அணைத்துவிடக் கூடாது என்ற எண்ணம் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்காவது இருந்திருக்கின்றது. எங்களில் எத்தனையோ வீடுகளில் ஒரே பிள்ளையும் போனதை நினைக்கும்போது மனம் கனக்கின்றது.

"மாட்டேன்" என்று சொல்லலாமா?

"விருப்பமில்லையெண்டு எழுதினால் என்ன செய்வினம்?" என்று அந்த அம்மா கேட்டார். நல்ல கேள்வி. கொல்வது பாவம் என்று நம்பும் ஒருவரைத் துவக்குத் தூக்கச் சொல்லலாமா?

பிரித்தானியாவின் 1916ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மனச்சாட்சியின் காரணமாக மறுப்பவர்கள் விண்ணப்பிக்க வழி வைத்திருந்தார்கள். ஆயினும் பலர் சிறைக்குச் சென்றனர். குத்துச்சண்டை வீரர் முகமது அலியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வியட்நாம் போருக்கு அழைக்கப்பட்டபோது 1967 ஏப்ரலில் அவர் மறுத்தார். உலகச் சம்பியன் பட்டத்தைப் பறித்தார்கள், தண்டனையும் விதித்தார்கள். 1971இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கியது. இதற்கிடையில் அவரது வாழ்வின் சிறந்த ஆண்டுகள் சில போய்விட்டன. அமெரிக்கா 1973இல் கட்டாய அழைப்பையே கைவிட்டது.

தென் கொரியாவில் யெகோவாவின் சாட்சிகள் என்ற சபையைச் சேர்ந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில், தலைமுறை தலைமுறையாக, சிறை சென்றார்கள். தகப்பன் இருந்த சிறைக்கு மகனும் போன குடும்பங்கள் உண்டு. 2018இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு மாற்று வழி வேண்டும் என்றது. 2020 முதல் மாற்றுச் சேவை உண்டு. ஆனால் அது 36 மாதங்கள், அதுவும் சிறைச்சாலைகளில் தங்கிப் பணி செய்ய வேண்டும்.

நோர்வேயில் மனச்சாட்சியின்படி மறுப்பவர்கள் விண்ணப்பித்து விலக்குப் பெறலாம். இதைச் சொன்னதும் அந்த அம்மா அன்று முதன்முறையாகத் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தார்.

முடிவுத் திகதி இல்லாத சேவை

ஆபிரிக்காவில் எரித்திரியா என்றொரு நாடு. எத்தியோப்பியாவிடமிருந்து விடுதலை வேண்டி முப்பது ஆண்டுகள் போராடி 1993இல் தனிநாடானது. அந்தப் போராளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். 1995இல் ஆண், பெண் அனைவருக்கும் 18 மாத தேசிய சேவை என்று சட்டம் வந்தது. 1998இல் எத்தியோப்பியாவுடன் எல்லைப் போர் மூண்டது. 2000இல் போர் ஓய்ந்தது. ஆனால் சேவைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. 18 மாதம் என்பது பத்து, பதினைந்து ஆண்டுகளாக நீண்டது. பாடசாலையின் இறுதி வகுப்பையே சாவா என்ற இராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும். 2018இல் எத்தியோப்பியாவுடன் சமாதானம் செய்த பின்னரும் இது முடிவுக்கு வரவில்லை. 2016இல் ஐக்கிய நாடுகள் விசாரணைக் குழு இதை அடிமைத்தனம் என்றே குறிப்பிட்டது.

அங்கு மணமான பெண்களையும் தாய்மாரையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆகவே பெண் பிள்ளைகள் படிப்பை இடையில் விட்டு இளம் வயதிலேயே மணம் முடிக்கின்றார்கள். இதை வாசித்தபோது எங்கள் ஊர்க் கலியாணங்கள்தான் என் கண்முன் வந்தன. கடல் கடந்த ஒரு நாட்டில், எங்கள் மொழி தெரியாத தாய்மார், நாங்கள் செய்ததையே செய்கின்றார்கள்.

தேடிப் போன தாய்மார்

ரஷ்யாவில் ஆண்களுக்கு ஓராண்டு கட்டாய சேவை உண்டு. முன்னர் அது இரண்டு ஆண்டுகளாக இருந்தது. முகாம்களில் மூத்த படையினர் புதியவர்களை அடித்து வதைக்கும் கொடுமை பரவலாக இருந்தது. இதைக் கேட்க 1989இல் படைவீரர் தாய்மார் குழு உருவானது. 1994இல் செச்சினியாவில் போர் தொடங்கியபோது, பயிற்சி முடியாத இளம் பிள்ளைகளும் களத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அப்போது தாய்மார் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறிப் போர் நடந்த இடத்துக்கே போனார்கள். சிலர் தங்கள் மகன்மாரைக் கையோடு கூட்டி வந்தார்கள். சிலர் சடலங்களுக்கிடையில் தேடினார்கள். 1996இல் அந்த அமைப்புக்கு "மாற்று நோபல்" என்று அழைக்கப்படும் விருது கிடைத்தது. 2022 செப்ரெம்பரில் உக்ரேன் போருக்காக மூன்று இலட்சம் பேரைத் திரட்டுவதாக ரஷ்யா அறிவித்தபோதும், எப்போது திருப்பி அனுப்புவீர்கள் என்று கேட்டு வீதிக்கு வந்தவர்களில் மனைவிமாரும் தாய்மாரும் இருந்தார்கள்.

கைகளில் படத்தை ஏந்தி வீதியோரத்தில் இருக்கும் தாய்மாரை எங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை அல்லவா?

சட்டமும் பிடித்துச் செல்லலும்

இலங்கை அரச படைகளில் கட்டாய சேவை நடைமுறையில் இருந்ததில்லை. சேர்ந்தவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள் என்றே சொல்லப்படுகின்றது. ஆயினும் தெற்கின் கிராமத்து வறிய வீடுகளிலிருந்து போன பிள்ளைகளுக்கு வறுமையும் ஒரு கட்டாயமாகவே இருந்திருக்கும். எங்கள் பக்கத்திலோ 1989இலும், பின்னர் போரின் இறுதி ஆண்டுகளில் "வீட்டுக்கு ஒருவர்" என்றும், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆயுத அமைப்புகள் பிள்ளைகளைக் கட்டாயமாகக் கொண்டு சென்றன. விடுதலைப் புலிகளும் கருணா அணியினரும் செய்த கட்டாய ஆட்சேர்ப்பையும் சிறுவர் ஆட்சேர்ப்பையும் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் 2015இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை பதிவு செய்துள்ளது. தாமாக விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இரு பகுதிப் பெற்றோருக்கும் செய்யும் அநியாயம்.

ஓர் அரசு கேட்கும் கட்டாய சேவைக்கும் பிடித்துச் செல்வதற்கும் என்ன வேறுபாடு? அன்று கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசி, நாங்களே சில கேள்விகளை வரிசைப்படுத்தினோம்.

- மக்கள் தெரிவு செய்த சபை பகிரங்கமாக இயற்றிய சட்டம் உண்டா?
- வயது பதினெட்டு ஆகிவிட்டதா?
- எத்தனை மாதம் என்று முன்கூட்டியே சொல்லப்படுகின்றதா? அந்தத் திகதியில் விடுவார்களா?
- நோயாளிக்கும், குடும்பத்தைத் தாங்குபவருக்கும், மனச்சாட்சியின்படி மறுப்பவருக்கும் வழி உண்டா?
- பணக்காரன் பிள்ளையும் போகின்றதா?
- பிள்ளை எங்கே இருக்கின்றது என்று தாய் கேட்டால் பதில் சொல்ல ஓர் அலுவலகம் உண்டா?

இவற்றில் பலவற்றுக்கு "ஆம்" என்று பதில் சொல்லக்கூடிய நாடுகளில்கூட, கட்டாயம் கட்டாயமே. அங்கேயும் தாய்மார் அழுகின்றார்கள். ஆனால் ஒன்றுக்குக்கூட "ஆம்" என்று சொல்ல முடியாத இடத்தில் நடப்பது சேவை அல்ல, பறிப்பு.

வயது பற்றிய கேள்விக்கு உலகச் சட்டம் உண்டு. சிறுவர் உரிமைகள் சமவாயத்துக்கு 2000ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட விருப்ப நெறிமுறை 2002 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி எந்த அரசும் பதினெட்டு வயதுக்குட்பட்டவரைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாது. அரசு அல்லாத ஆயுதக் குழுக்கள் அந்த வயதினரை விரும்பி வந்தாலும் சேர்க்கக் கூடாது. இலங்கையும் அதை ஏற்றுள்ளது. 2006இல் தண்டனைச் சட்டக் கோவை திருத்தப்பட்டு, ஆயுத மோதலுக்குச் சிறுவரைச் சேர்ப்பது குற்றமாக்கப்பட்டது.

இன்று காற்று எந்தப் பக்கம்?

பெரிய போர்கள் இனி இல்லை என்று எண்ணி ஐரோப்பிய நாடுகள் பல கட்டாய சேவையைக் கைவிட்டன. பிரான்ஸ் 2001இலும், சுவீடன் 2010இலும், ஜேர்மனி 2011இலும் நிறுத்தின. உக்ரேனில் நடந்தவற்றின் பின் காற்று திரும்பிவிட்டது. லித்துவேனியா 2015இல் மீண்டும் தொடங்கியது. சுவீடன் 2017இல் இருபாலாருக்கும் கொண்டுவர முடிவு செய்தது. டென்மார்க்கில் 2025 ஜூலை முதல் பதினெட்டு வயதை அடையும் பெண்களும் சீட்டெடுப்புக்கு உட்பட்டவர்கள். ஜேர்மனியில் 2026 முதல் பதினெட்டு வயது ஆண்கள் கேள்விக் கொத்துக்குக் கட்டாயம் பதில் அளிக்க வேண்டும். சேவையில் சேர்வது அவர்கள் விருப்பம்.

மறுபக்கத்தில் கொஸ்ரரிக்கா என்ற சிறிய நாடும் இருக்கின்றது. உள்நாட்டுப் போர் ஒன்றைக் கண்ட பின், 1948 டிசெம்பரில் தன் இராணுவத்தையே கலைத்துவிட்டது. அந்தப் பணத்தைக் கல்விக்கும் சுகாதாரத்துக்கும் திருப்பியது. அங்கு பொலிஸ் உண்டு, இராணுவம் இல்லை.

எங்கள் வீடுகளுக்கு

வெளிநாட்டில் உள்ள உங்கள் பேரப்பிள்ளைகளுக்கோ மருமக்களுக்கோ இப்படிக் கடிதம் வந்தால் பதற வேண்டாம். அதைக் கிழித்து எறியவோ பதில் போடாமல் விடவோ சொல்லவும் வேண்டாம். அபராதம் வரலாம். கடிதத்தை முழுவதுமாக வாசித்து, குறித்த திகதிக்குள் உண்மையான பதிலை அனுப்பச் சொல்லுங்கள். நோய் இருந்தால் மருத்துவச் சான்றுடன் எழுத வேண்டும். விருப்பம் இல்லையென்றால் அதையும் எழுதலாம். விருப்பம் உண்டென்றால் அந்தப் பிள்ளையின் முடிவை மதியுங்கள். எங்கள் பயத்தை அவர்கள் சுமக்கத் தேவையில்லை. ஆனால் எங்கள் பயம் ஏன் வந்தது என்பதை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அந்த அம்மா கடந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியுடன் கதைத்தாராம். "என்ன எழுதப் போறாய் பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். "மருத்துவம் படிக்கத்தான் விருப்பம் அம்மம்மா, ஆர்வமில்லை எண்டு போட்டிட்டன். ஆனா கூப்பிட்டால் போவன், எனக்குப் பயமில்லை" என்றாளாம் பேத்தி. பிறகு கேட்டாளாம், "மாமாவுக்கும் இப்படிக் கடிதம் வந்ததோ அம்மம்மா?"

"இல்லைப் பிள்ளை. எங்களுக்குக் கடிதம் வரேல்லை. ஆக்கள்தான் வந்தவை."

பதினேழு ஆண்டுகளுக்கு மேலாக அந்த நாளைப் பற்றி எவரிடமும் பேசாதவர், அன்று பேத்திக்கு முதலிலிருந்து முடிவு வரை சொன்னாராம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பேசினார்களாம். இம்மாதக் கூட்டத்தில் எங்களுக்கு இதைச் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, தேத்தண்ணி ஆறப் போகுது, குடியுங்கோ" என்றார்.

உங்களிடமும் இப்படிச் சொல்லாமல் வைத்திருக்கும் கதை இருக்கலாம். நம்பிக்கையான ஒருவரிடம், உங்களுக்கு இயலுமான நாளில், சொல்லுங்கள். அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.